ஆண் வாத்துகள் அதிகமாகிவிட்டால்: வீட்டில் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வாத்து வளர்க்கத் தொடங்கியவர்களுக்கு முதல் ஆண்டில் வருகிற தலைவலி பெரும்பாலும் நோயோ நரியோ இல்லை, ஆண்கள்தாம். முட்டைக்கு நாலைந்து பெட்டை போதும் என்று நினைத்து அடை வைக்கிறோம். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் வாலில் சுருள் இறகோடு ஆறு பேர் முற்றத்தில் நிற்கிறார்கள். என்னிடம் பலர் கேட்ட கேள்விகளையும் நானே பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே சேர்த்திருக்கிறேன். இறைச்சிக்கு அறுப்பவர்கள், அறுக்கவே மனம் வராதவர்கள் இருவரையும் மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

பன்னிரண்டு முட்டை அடை வைத்தேன். எட்டுக் குஞ்சு வந்தது, ஐந்து ஆண். எங்கே தவறு செய்தேன்?

தவறே இல்லை. பொரிக்கும் குஞ்சில் ஏறக்குறைய பாதி ஆண், பாதி பெண். ஆனால் அந்தப் பாதி என்பது நூற்றுக்கணக்கில் பொரித்தால்தான் ஒழுங்காகத் தெரியும். சின்ன எண்ணிக்கையில் நாணயம் சுண்டுவது போலத்தான். பத்துக் குஞ்சில் ஏழோ அதற்கு மேலோ ஆணாக வருவதற்கு ஏறக்குறைய ஆறில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆறு குஞ்சு வாங்கினால் அதில் மூன்றோ அதற்கு மேலோ ஆணாக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு.

சரிபாதி வந்தாலும் மிச்சம் விழத்தான் செய்யும். பத்தில் ஐந்து பெட்டை என்றால் அவற்றுக்கு ஓர் ஆண் போதும். மீதி நான்கு கூடுதல். ஆகவே அடை வைக்கிறவர் யாராக இருந்தாலும், பொரிப்பதில் பத்துக்கு நான்கு கூடுதல் ஆண் என்று முதலிலேயே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நான்கு என்ன ஆகும் என்பதை முட்டையை அடையில் வைக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். பெயர் வைத்த பிறகு முடிவு செய்வது கடினம்.

முட்டையின் வடிவத்தை வைத்து ஆண், பெண் சொல்ல முடியுமா?

முடியாது. கூரான முட்டையில் ஆண், உருண்டையில் பெண் என்பதும், நூலில் மோதிரம் கட்டி முட்டை மேல் ஆட்டிப் பார்ப்பதும் பொழுதுபோக்கு. அடைச்சூட்டைக் கூட்டிக் குறைத்தும் மாற்ற முடியாது. முதலைக்கும் சில ஆமைகளுக்கும் வெப்பம் பாலினத்தைத் தீர்மானிக்கும். பறவைகளில் தாயின் குரோமோசோம்தான் தீர்மானிக்கிறது. முட்டை வெளியே வரும்போதே விஷயம் முடிந்துவிட்டது.

எந்த வயதில் நிச்சயமாகக் கண்டுபிடிக்கலாம்?

குரல்தான் நம்பகமான முதல் அடையாளம். ஆறிலிருந்து பத்து வாரத்துக்குள் குஞ்சின் கீச்சுக்குரல் உடையும். பெட்டை உரக்க, தெளிவாக "க்வாக் க்வாக்" என்று கத்தும். ஆணுக்குத் தொண்டை கட்டியது போலக் கரகரப்பான, அடங்கிய குரல். ஊரைக் கூட்டுவது எப்போதும் பெட்டைதான். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து லேசாகப் பிடித்துக்கொண்டால் எதிர்ப்புக் காட்டக் கத்தும், அப்போது கேளுங்கள். கூட்டமாக இருக்கையில் யார் கத்துகிறார்கள் என்று தெரியாது. அடையாளம் கண்டதும் காலில் நிற வளையம் மாட்டிவிடுங்கள். வளரும் குஞ்சுக்கு வளையம் இறுகும், ஆகவே வாரம் ஒருமுறை பார்த்துத் தளர்த்த வேண்டும்.

இரண்டாவது அடையாளம் வாலின் மேல் சுருண்டு நிற்கும் இறகு. மூன்று, நான்கு மாதத்தில் வரும். அது இல்லையென்றால் பெட்டை என்று முடிவு கட்டக் கூடாது. இறகு உதிரும் காலத்தில் சுருளும் உதிர்ந்துவிடும். பச்சைத் தலை கொண்ட இனங்களில் ஆண், இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் பெட்டையைப் போலவே பழுப்பு உடைக்கு மாறும். அந்த நேரத்தில் பார்த்துவிட்டு "என் ஆண் வாத்து பெண்ணாகிவிட்டது" என்று பதறியவர்கள் உண்டு. அலகின் நிறமும் குரலும் அப்போதும் காட்டிக்கொடுக்கும்.

மணிலா வாத்து என்று சொல்லப்படும் மஸ்கோவி வேறு கதை. மற்ற வீட்டு வாத்துகள் எல்லாம் மல்லார்ட் என்ற காட்டு வாத்தின் வழி வந்தவை. மஸ்கோவி அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியைச் சேர்ந்த தனி இனம். அதற்கு வால் சுருள் கிடையாது, பெரிதாகக் கத்தவும் செய்யாது. ஆண் காற்று விடுவது போலச் சீறும், பெட்டை மெல்லக் குழறும். உடலளவுதான் அங்கே அடையாளம். வளர்ந்த ஆண் பெட்டையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை இருக்கும், முகத்தில் சிவப்புச் சதையும் அதிகம்.

ஒரு நாள் குஞ்சின் ஆசனவாயை விரித்துப் பார்த்துச் சொல்லும் முறையும் இருக்கிறது. தேர்ந்தவர் கையில் அது மிகச் சரியாக அமையும். ஆனால் புதியவர் அழுத்திப் பார்த்தால் குஞ்சுக்கு உள்காயம் ஏற்படும். பார்த்துப் பழகியவர் பக்கத்தில் இல்லாமல் முயல வேண்டாம்.

எத்தனை பெட்டைக்கு ஓர் ஆண்?

எடை குறைந்த, முட்டைக்கு வளர்க்கும் இனங்களில் ஐந்தாறு பெட்டைக்கு ஓர் ஆண். பெக்கின் போன்ற கனத்த இனங்களில் மூன்று முதல் ஐந்து. இது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு, ஓரளவு சரியாகவே வருகிறது. சிலரிடம் இரண்டு ஆணும் நான்கு பெட்டையும் பல ஆண்டு சண்டை இல்லாமல் வாழ்ந்ததைப் பார்த்திருக்கிறேன். வேறு ஓரிடத்தில் ஒரே ஆண் ஆறு பெட்டைகளையும் பாடாய்ப் படுத்தியது. எண்ணை வைத்துத் தொடங்குங்கள், பெட்டைகளின் பிடரியைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஓர் ஆண், ஒரு பெட்டை மட்டும் ஜோடியாக வளர்க்கலாமா?

பார்க்க அழகாக இருக்கும். இனப்பெருக்கக் காலம் வந்ததும் அத்தனை மிதியும் (ஆண் முதுகில் ஏறி இணைசேர்வதும்) அந்த ஒரு பெட்டையின் மேல்தான். குறைந்தது மூன்று பெட்டையாவது இல்லாமல் ஆண் வைக்காதீர்கள். இரண்டே வாத்துதான் முடியும் என்றால் இரண்டும் பெட்டையாக இருக்கட்டும்.

மிதி அளவுக்கு மீறிப் போகிறது என்று எப்படித் தெரியும்?

ஆண், பெட்டையின் பிடரி இறகை அலகால் கவ்விக்கொண்டு முதுகில் ஏறும். இது இயல்பு, பிடரியில் நாலைந்து இறகு குறைவதும் இயல்பு. கவனிக்க வேண்டியது அடுத்த கட்டத்தை: பிடரி முழுக்க வழுக்கையாகித் தோல் தெரிவது, தோலில் பொருக்கு, முதுகு இறகு முறிந்து கிடப்பது, நொண்டல், ஒரு கண்ணை மூடிக்கொண்டே இருப்பது. குறி தவறிய கவ்வலில் கண்ணில் அடிபடுவது சாதாரணமாக நடக்கும்.

உடம்பைவிட நடத்தை முன்னதாகவே சொல்லிவிடும். தீவனத்தைப் போட்டதும் முதலில் ஓடி வந்த பெட்டை இப்போது கொட்டகை மூலையை விட்டு வருவதில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீரில் இறங்க மறுப்பது, முட்டை திடீரென்று குறைவது, எடை இறங்குவது எல்லாம் அதே வரிசை. நான் முதல் ஆண்டில் இதைக் கவனிக்கத் தவறினேன். ஒரு பெட்டை "அமைதியான சுபாவம்" என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தூக்கிப் பார்த்தபோது பிடரி இறகுக்குக் கீழே ஒரு கட்டைவிரல் அகலத்துக்குப் புண். மூன்று ஆண்கள், ஐந்து பெட்டைகள், அவற்றில் மூன்று ஆண்களுக்கும் பிடித்துப்போனது அந்த ஒன்றை. அன்று முதல் வாரம் ஒருமுறை ஒவ்வொரு பெட்டையையும் கையில் எடுத்துப் பிடரி, கண், கால் மூன்றையும் பார்க்கிறேன்.

அடிபட்டதைக் கண்டால் அன்றே பிரித்துவிடுங்கள். புண்ணை உப்பு கலந்த, காய்ச்சி ஆறிய நீரால் கழுவி, ஈ மொய்க்காத இடத்தில் வைக்க வேண்டும். கூடவே அமைதியான இன்னொரு பெட்டையை விடுங்கள், தனியாக அடைக்கப்பட்ட வாத்து சாப்பிடாது. கண் அடிபட்டாலும் நொண்டல் இரண்டு நாளில் குறையாவிட்டாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பெட்டையின் முதுகில் கட்டும் துணிக்கவசம் கோழிக்கு ஓரளவு உதவும். வாத்துக்கு நனைந்து கனத்துவிடும், பிடரியையும் அது மூடுவதில்லை.

தண்ணீரில்தானே மிதிக்கின்றன? அதில் என்ன ஆபத்து?

வாத்துக்குத் தண்ணீரில் சேர்வதுதான் எளிது, கனத்த இனங்களுக்குக் கால் வலியும் இருக்காது. ஆபத்து ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்கள் ஒரே நேரத்தில் ஏறும்போது. பெட்டையின் தலை நீருக்குள் அழுந்தும். எழ முயலும் முன்பே அடுத்தது ஏறும். வாத்து மூழ்கிச் சாகுமா என்று கேட்பார்கள். இப்படித்தான் சாகும். செங்குத்தான சுவர் கொண்ட தொட்டி இன்னும் மோசம், ஏறி ஓட வழியில்லை. ஆண்கள் அதிகம் இருக்கும்வரை பெட்டைகளுக்கு ஆழமில்லாத, சரிவான கரை உள்ள தொட்டி வையுங்கள். ஒன்றுக்கு இரண்டாக, ஒன்றிலிருந்து மற்றது தெரியாதபடி வைத்தால் ஒதுங்கிக் குளிக்க ஒரு இடம் கிடைக்கும்.

கோழிச்சேவல் இப்படி இல்லையே. வாத்துக்கு மட்டும் ஏன் இந்த மூர்க்கம்?

பெரும்பாலான பறவைகளில் ஆணுக்கு ஆணுறுப்பே கிடையாது. இரண்டின் ஆசனவாயும் ஒரு நொடி தொட்டால் வேலை முடிந்தது. வாத்து விதிவிலக்கு. ஆண் வாத்துக்கு இடஞ்சுழியாகத் திருகிய நீண்ட உறுப்பு உண்டு. பெட்டையின் இனப்பெருக்கப் பாதையோ வலஞ்சுழியாகத் திருகி, இடையிடையே முட்டுச்சந்துப் பைகளோடு இருக்கிறது. பாட்ரீசியா பிரென்னன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 2007-ல் இதை விரிவாக எழுதினார்கள். கட்டாயப்படுத்தி மிதிப்பது அதிகமாக உள்ள வாத்தினங்களில்தான் பெட்டையின் பாதையும் சிக்கலாக இருக்கிறது என்பது அவர்கள் கண்டது. விரும்பாத ஆணிடமிருந்து கருவைக் காத்துக்கொள்ள உடம்பே பூட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறது.

காட்டில் பெட்டை பறந்து தப்பிக்கும், பெரிய நீர்ப்பரப்பில் ஒளிந்துகொள்ளும். வீட்டு முற்றத்தில் அதற்கு வழியில்லை. ஆகவே உங்கள் ஆண் கெட்ட சுபாவம் உள்ளது என்று நினைக்க வேண்டாம், இடமும் எண்ணிக்கையும்தான் அதற்குப் பொருந்தாமல் இருக்கின்றன. பகல் நீளும் காலத்தில் விதைப்பைகள் பல மடங்கு பெரிதாகும், அப்போது ஆட்டம் உச்சத்தில் இருக்கும். இறகு உதிரும் பருவத்தில் தானாக அடங்கும். வசந்தத்தில் தாங்க முடியாத அதே ஆண் சில மாதம் கழித்து நிழலில் சாதுவாகப் படுத்திருக்கும்.

ஆண்களை மட்டும் தனிப் பட்டியில் விட்டால் ஒன்றையொன்று கொன்றுவிடாதா?

புதிதாக வருகிறவர்கள் நம்பவே மாட்டேன் என்கிற பதில் இது: பெரும்பாலும் கொல்லாது. கூடுதல் ஆண் பிரச்சினைக்கு, அறுக்க விரும்பாதவர்களிடம் இருக்கிற மிகச் சிறந்த தீர்வு ஆண்கள் பட்டிதான். சண்டைக்கு முக்கியக் காரணம் பெட்டை. அது கண்ணில் படாமல் போனால் மல்லார்ட் வழி வந்த ஆண்கள் ஒன்றாக மேய்ந்து, ஒன்றாகக் குளித்து, ஒன்றாகத் தூங்கும்.

முதல் சில நாள் மோதல் இருக்கும். மார்போடு மார்பு முட்டி, கழுத்தைக் கவ்விக்கொண்டு வட்டமாகச் சுற்றும். யார் பெரியவர் என்று தீர்ந்ததும் அடங்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதும் நடக்கும். அதுவும் பெரும்பாலும் அதிகாரம் காட்டத்தான். இரத்தம் வராதவரை, தோற்றது விலகி ஓட இடம் இருக்கும்வரை தலையிடாதீர்கள். தோற்று ஓடியதைத் துரத்தித் துரத்தி அடித்தாலோ தீவனத்துக்கு விடாமல் மறித்தாலோ அடிக்கிற அந்த ஒன்றை எடுத்து ஒரு வாரம் பக்கத்துக் கூண்டில் வைத்துத் திரும்ப விடுங்கள். தலைமை கலைந்து புதிதாக அமையும்.

எல்லா ஆண்களையும் ஒரே நாளில், எல்லோருக்கும் புதிய இடத்தில் விடுவது நல்லது. ஒன்று ஏற்கெனவே ஆண்டுகொண்டிருக்கும் இடத்தில் மற்றொன்றைத் தள்ளினால் அது அத்துமீறிய ஆளாகிவிடும். ஒன்றாகப் பொரித்து ஒன்றாக வளர்ந்தவை எளிதில் சேரும். குறைந்தது மூன்று இருக்கட்டும். இரண்டே இருந்தால் வலியதற்கு அடிக்க ஒரே ஆள்தான். மஸ்கோவி ஆண்களிடம் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கனம், நகம், இறக்கையடி மூன்றும் சேர்ந்து சண்டை நிஜமாகவே காயத்தில் முடியும். இடம் தாராளமாக இல்லாவிட்டால் அவற்றைச் சேர்த்து வைக்காதீர்கள்.

பட்டியை எப்படி அமைப்பது?

பெட்டைகள் கண்ணுக்குத் தெரியாத தூரம் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. சின்ன முற்றத்தில் அது நடக்காது என்றால் கம்பிவலைக்கு அடியிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தகரமோ பலகையோ அடித்து மறையுங்கள். வாத்தின் கண்மட்டம் அவ்வளவுதான். கம்பி வழியாகப் பெட்டையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஆண், வேலியோரம் நாள் முழுக்க நடந்து காலைத் தேய்த்துக்கொள்ளும்.

இரவுக் கொட்டகையில் ஒன்றுக்கு 4 சதுர அடி, பகலில் உலவ 15 சதுர அடி என்பது குறைந்த அளவு. ஆண்களுக்கு நான் இதை இரட்டிப்பாக்கச் சொல்வேன். இரண்டு தீவனத் தொட்டி, இரண்டு தண்ணீர், நடுவில் ஒரு செடியோ கவிழ்த்த கூடையோ வைத்தால் ஒருவர் பார்வையிலிருந்து மற்றவர் மறைய முடியும். வாத்துக்கு அலகும் மூக்கும் முழுதாக நனையும் ஆழத்தில் தண்ணீர் கட்டாயம். நிரந்தரப் பட்டிக்கு வசதி இல்லாதவர்கள், ஆட்டம் உச்சத்தில் இருக்கும் மாதங்களில் மட்டும் பிரித்து, இறகு உதிரத் தொடங்கியதும் சேர்க்கலாம்.

ஆண்களுக்கு என்ன தீவனம்?

முட்டையிடும் பறவைகளுக்கான தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து அதிகம். முட்டையிடாத ஆணுக்கு அதையே நீண்ட நாள் கொடுத்தால் சிறுநீரகம் கெடும். 14 முதல் 16 சதவீதப் புரதம் உள்ள பராமரிப்புத் தீவனம் போதும். சேர்ந்திருக்கும் கூட்டத்தில் எல்லோருக்கும் இதையே போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தேவைப்படும் பெட்டை எடுத்துக்கொள்ளும். ஆண் பட்டியில் எல்லாம் கொழுப்பதுதான் பெரிய சிக்கல், ஆகவே மேய விடுங்கள். நத்தை, புழு பிடிப்பதில் ஆண் பெட்டைக்குக் குறைந்ததில்லை.

ஆணே இல்லாவிட்டால் பெட்டை முட்டையிடுமா?

இடும். எண்ணிக்கையில் மாற்றம் இருக்காது, மிதித் தொல்லை இல்லாததால் சில பெட்டைகள் இன்னும் ஒழுங்காகவே இடும். குஞ்சு வராது, அவ்வளவுதான். சாப்பிட மட்டும் முட்டை வேண்டும் என்றால் உங்களுக்குத் தேவையான ஆண்களின் எண்ணிக்கை பூஜ்யம். ஆணை எடுத்த பிறகும் ஒன்று, இரண்டு வாரம் வரை கருக்கூடிய முட்டை வரலாம், பெட்டையின் உடலில் விந்தணு சேமிப்பில் இருக்கும். அடை வைக்கும் முட்டைக்கு வேறு ஆணின் வழி வேண்டும் என்றால் பழைய ஆணை எடுத்து மூன்று வாரம் விட்டுப் பிறகு தொடங்குங்கள்.

கூடுதல் ஆணைக் கோழிகளோடு விட்டுவிடலாமா?

வேண்டவே வேண்டாம். சேவலுக்கு உறுப்பு இல்லை என்று மேலே சொன்னேன். கோழியின் உடல் அதற்கேற்பத்தான் இருக்கிறது. ஆண் வாத்து மிதித்தால் கோழிக்கு உள்ளே கிழியும், தொற்று ஏற்பட்டுச் சாகவும் கூடும். குஞ்சிலிருந்தே கோழிகளோடு வளர்ந்த ஆண் வாத்து தன் இனப் பெட்டையை விட்டுவிட்டுக் கோழியைத் துரத்துவதும் உண்டு. இரண்டும் ஒரே முற்றத்தில் இருந்தால், ஆண் வாத்துக்குப் போதுமான பெட்டை வாத்துகள் இருந்தாலும் ஒரு கண் வைத்திருங்கள்.

நாய்க்குச் செய்வது போலக் கருத்தடை அறுவை செய்ய முடியாதா?

நடைமுறைக்கு ஒவ்வாது. பறவைக்கு விதைப்பைகள் உடலுக்குள், சிறுநீரகத்தை ஒட்டி, பெரிய இரத்தக்குழாய்களுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அறுவை ஆபத்தானது. டெஸ்லோரெலின் என்ற ஹார்மோன் குச்சியைத் தோலுக்கடியில் வைத்துச் சில மாதம் வேகத்தைக் குறைக்கும் முறையைப் பறவை மருத்துவர்கள் சிலர் செய்கிறார்கள். பலன் பறவைக்குப் பறவை மாறும், செலவும் உண்டு. செல்லமாக வளர்க்கும் ஒன்றுக்குச் சரி, ஆறு ஆணுக்குத் தீர்வாகாது.

பக்கத்துக் குளத்தில் விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளாதா?

இது விடுதலை மாதிரி தெரியும், உண்மையில் கைவிடுவது. வீட்டு வாத்துகளில் பெரும்பாலானவை உடல் கனத்துப் பறக்க முடியாதவை. வெள்ளை இறகு வேட்டைமிருகத்துக்குத் தொலைவிலிருந்தே தெரியும். இரை தேடவும் இரவில் ஒளியவும் பழகியதில்லை. தப்பிப் பிழைப்பவை அங்குள்ள காட்டு மல்லார்டுகளோடு கலந்து அவற்றின் வழியைக் கெடுக்கும், நோயையும் கொண்டுபோகும். பல நாடுகளில் சட்டப்படி குற்றமும் கூட. இன்னொன்று: எல்லோரும் கொண்டுபோய் விடுவது ஆண்களைத்தான். அந்தக் குளத்தில் இருக்கும் பெட்டைகளின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

வேறு வீட்டுக்குக் கொடுப்பதென்றால் எப்படி?

வாங்குகிறவரிடம் முதல் கேள்வி, "உங்களிடம் எத்தனை ஆண், எத்தனை பெட்டை?" பதில் தெரியாதவரிடம் கொடுத்தால் உங்கள் பிரச்சினை அவர் வீட்டுப் பெட்டைகளின் தலையில் விழும். ஆண், வயது இவ்வளவு, சுபாவம் இப்படி என்று மறைக்காமல் சொல்லுங்கள். இலவசமாகக் கொடுப்பது பெரும்பாலும் சட்டிக்குத்தான் போகும்; அது உங்களுக்குச் சம்மதமா என்பதையும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். சம்மதம் என்றால் அதில் ஒளிவுமறைவு தேவையில்லை.

தனியாக ஒன்றைக் கொடுக்காமல் சேர்ந்து பழகிய இரண்டைக் கொடுத்தால் நல்லது. வாங்குகிறவர் தன் கூட்டத்தோடு சேர்க்கும் முன் மூன்று, நான்கு வாரம் தனியே வைக்க வேண்டும். பறவைக் காய்ச்சல் கிருமியை வாத்து நோய்க்குறி இல்லாமலேயே சுமக்கக்கூடும். அந்தக் காய்ச்சல் பரவும் காலத்தில் பறவைகளை இடம் மாற்றத் தடை இருக்கும், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இறைச்சிக்கு எடுப்பதென்றால் எந்த வயதில்?

இதில் வயதைவிட இறகுதான் முக்கியம். பெக்கின் போன்ற இனத்தில் ஏறக்குறைய ஏழு வாரத்தில் முதல் இறகுக்கட்டு முழுமையாகும். அந்தச் சில நாளில் அறுத்தால் சுத்தமாகப் பறிபடும். தவறவிட்டால் அடுத்த இறகு முளைக்கத் தொடங்கி உடம்பு முழுக்கக் குருத்திறகாக நிற்கும். ஒரு வாத்தை உரிக்க அரை நாள் போகும். அப்படியானால் பன்னிரண்டு வாரம் தாண்டும்வரை காத்திருப்பதே நல்லது. மார்பு இறகை எதிர்த்திசையில் விலக்கிப் பாருங்கள். தோலில் ஊசி நட்டது போலக் குருத்து தெரிந்தால் இன்னும் நாள் ஆகவில்லை. மஸ்கோவிக்கு பத்து, பன்னிரண்டு வாரம் ஆகும். முட்டை இனத்து ஆண்களில் சதை குறைவு, பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

முதல் நாள் இரவிலிருந்து தீவனத்தை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். துரத்திப் பிடிக்கக் கூடாது. இருட்டில், கொட்டகையிலேயே அமைதியாக எடுங்கள். மற்றவை பார்க்காத இடத்தில், கூரான கத்தியோடு, ஏற்கெனவே தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க முதல்முறை செய்யுங்கள். தயங்கித் தயங்கிச் செய்வதுதான் பறவைக்குப் பெரிய கொடுமை. முடியாது என்று தோன்றினால் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடலாம், அதில் வெட்கம் இல்லை. வாத்து இறகில் எண்ணெய் இருப்பதால் வெந்நீர் உள்ளே இறங்காது. 60 முதல் 65 டிகிரிச் சூட்டில் சில சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டால் இறங்கும். உரித்ததை ஒரு நாள் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுச் சமைத்தால் விறைப்பு விடும். மருந்து கொடுத்த பறவை என்றால் மருத்துவர் சொன்ன இடைவெளி முடியாமல் அறுக்கக் கூடாது.

இத்தனை ஆணில் எதை வைத்துக்கொள்வது?

பெரியதையும் அழகானதையும் வைக்கத்தான் கை போகும். நான் பார்ப்பது வேறு. கால் நேராக, நடை சுலபமாக இருக்க வேண்டும். பெட்டை விலகி ஓடினால் துரத்தலை விட்டுவிடும் ஆணா, விடாப்பிடியாகப் பிடிக்கும் ஆணா என்று ஒரு பருவம் கவனிக்க வேண்டும். பெட்டைகளுக்கு உடன்பிறந்ததாக இருக்கக் கூடாது. தனியாக, மனிதர் கையிலேயே வளர்ந்த ஆண் குஞ்சு பெரும்பாலும் நல்ல தேர்வாகாது. வயதுக்கு வந்ததும் உங்கள் செருப்பையே பெட்டையாக நினைத்துக் கவ்வும். முடிவெடுக்கும் முன் ஒரு வாரம் ஒவ்வோர் ஆணாக மட்டும் பெட்டைகளோடு விட்டுப் பாருங்கள். மற்ற ஆண்கள் இருக்கும்போது ரௌடியாகத் தெரிந்தது தனியாக இருக்கும்போது பூனைக்குட்டியாக இருக்கலாம், மறுதலையாகவும் நடக்கலாம்.

ஆணின் பின்புறம் ஏதோ சிவப்பாகத் தொங்குகிறது. குடலா?

பெரும்பாலும் ஆணுறுப்பு உள்ளே திரும்பாமல் நின்றுவிட்டது. அதிகமாக மிதிப்பது, அழுக்குத் தண்ணீர், மற்ற வாத்துகள் கொத்துவது எல்லாம் காரணமாகலாம். உடனே தனியே எடுத்துச் சுத்தமான நீரில் மிதக்க விடுங்கள். சில நேரம் தானாக உள்ளே போகும். ஈரமாக வைத்திருப்பது முக்கியம், காய்ந்தால் திசு செத்துவிடும். ஒரு நாளுக்குள் திரும்பாவிட்டாலோ நிறம் கறுத்தாலோ மருத்துவர்தான். உறுப்பை இழந்தாலும் வாத்து நன்றாகவே வாழும், அதன் சிறுநீர்ப்பாதை வேறு. குணமாகும்வரை பெட்டைகளிடம் விடக் கூடாது.

ஏழு வயதுப் பெட்டைக்கு வாலில் சுருள் வந்திருக்கிறது. ஆணாகிவிட்டதா?

இன்னொரு கூடுதல் ஆண் வந்துவிடவில்லை, பயப்படாதீர்கள். வாத்துக்கு ஆண் உடைதான் அடிப்படை. பெண் ஹார்மோன்தான் அதைப் பெட்டை உடையாக மாற்றி வைத்திருக்கிறது. முதுமையாலோ நோயாலோ சினைப்பை ஓய்ந்துவிட்டால் அந்தத் திரை விலகி ஆண் இறகு முளைக்கும். வாத்து பெட்டைதான்.

அடுத்த முறை இந்தச் சிக்கலே வராமல் இருக்க?

பெட்டை மட்டும் வேண்டும் என்றால் பாலினம் பார்த்துப் பிரித்த குஞ்சோ, குரல் உடைந்த இரண்டரை மாத வாத்தோ வாங்குங்கள். விலை கூடுதலாகத் தெரியும். நான்கு ஆணுக்கு நான்கு மாதம் போடும் தீவனத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியாது. வீட்டில் பொரிப்பதாக இருந்தால் குறைவாக வையுங்கள், தினமும் முட்டையை எடுத்துவிடுங்கள். புதரில் ஒளித்து இட்டு, 28 நாள் கழித்துப் பதினொரு குஞ்சோடு ஊர்வலமாக வரும் பெட்டையை எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருப்போம். மஸ்கோவி என்றால் 35 நாள். கூட்டத்தில் மூன்று நாளாக ஒரு பெட்டை தீவனத்துக்கு மட்டும் அவசரமாக வந்துவிட்டு மறைகிறதா? வேலியோரப் புதரைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள்.